ஆறடி ஒன்பது

அன்று காலை எட்டு மணிக்குள் அவன் தலை இரண்டு முறை இடித்துவிட்டது. முதலில் குளியலறை விளக்கில். அடுத்தது சமையலறையில், தட்டுகள் அடுக்கும் அலமாரியின் மூலையில்.

"தலை!" என்று மகள் தன் அறையிலிருந்து கத்தினாள். இடித்த சத்தம் கேட்ட பிறகுதான் கத்தினாள்.

"முன்னாடியே சொன்னா என்ன பாப்பா?"

"முன்னாடியே சொன்னா மட்டும் குனியவா போற?"

தையல் அறையில் இருந்த அவன் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற அளவுக்குத் தெம்பு இல்லை. மூன்று நாளாக விடாத மழை. மழை பிடித்தால் வலது மணிக்கட்டுக்குள் யாரோ உட்கார்ந்து பல்லைக் கடிப்பது போல ஒரு வலி வரும். கத்தரிக்கோலை இடது கைக்கு மாற்றி, ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் சாம்பல் நிறப் பேண்ட்டின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் இளைத்துவிட்டார். இடுப்பில் இரண்டு அங்குலம் பிடிக்க வேண்டும். பழைய துணியைப் பிரித்து ஆளுக்கு ஏற்ற மாதிரி திருத்தித் தருவதுதான் அவள் பிழைப்பு. புதுத்துணி தைப்பதில்லை. புதுசாகத் தைக்கிறவனுக்கு ஆளின் அளவு மட்டும் தெரிந்தால் போதும், திருத்துகிறவளுக்கு ஆள் முன்னால் எப்படி இருந்தான் என்பதும் தெரிய வேண்டும் என்று சொல்வாள்.

சமையலறையில் பாத்திரங்கள் கடமுடா என்று உருண்டன. பிறகு தண்ணீர் சத்தம் நின்றது. அவள் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். சிங்க்கின் முன்னால் இரண்டாக மடிந்து நின்றிருப்பான். நாலு தட்டு கழுவியதும் முதுகு பிடித்துக்கொள்ளும். சுவரில் கை ஊன்றி, கண்ணை மூடி, ஆட்டத்தின் நடுவே ஓய்வு கேட்டவன் மாதிரி நிற்பான்.

ஊருக்கே அவன் ஏணி. கூடைப்பந்து தெரியாதவர்களுக்கும் ஏணியைத் தெரியும். இருபது வருடம் ஒரே கிளப், அதில் ஒன்பது வருடம் கேப்டன். அரங்கத்தில் பத்தாயிரம் பேர் "ஏ... ணி! ஏ... ணி!" என்று கத்தும்போது கூரைத் தகரம் அதிரும். மூன்று மாதத்துக்கு முன்னால் அவனுடைய பதினாலாம் நம்பர் சட்டையைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு அந்தக் கூரைக்கே ஏற்றிவிட்டார்கள். இனி அந்த நம்பரை யாரும் போட மாட்டார்களாம். எல்லோரும் அழுதார்கள். அவளும் அழுதாள். அழுகையின் நடுவிலேயே, சட்டத்துக்குள் சட்டையின் இடது தோள் சுருங்கி இருப்பதைக் கவனித்து, இஸ்திரி போடாமல் மாட்டிவிட்டார்களே என்றும் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவன் வீட்டில் இருந்தான். அதற்கு மறுநாளும் இருந்தான்.

அவளுக்கு அவனைத் தெரிந்தது ஒரு பேண்ட் மூலமாகத்தான். பத்தொன்பது வயதுப் பையன், ஒட்டடைக் கம்பு மாதிரி, அவள் வேலை பார்த்த கடைக்கு வந்து நின்றான். பேண்ட் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் ஏறியிருந்தது. "இதக் கொஞ்சம் இறக்க முடியுமாங்க?" என்றான். "இறக்கலாம், துணி எங்க இருக்கு? உங்களத்தான் கொஞ்சம் ஏத்திப் பிடிக்கணும்" என்றாள் அவள். வேறு துணியில் ஒரு பட்டை ஒட்டிக் கொடுத்தாள். அந்தப் பேண்ட்டோடுதான் கிளப் தேர்வுக்குப் போய்த் தேறி வந்தான். அதன் பிறகு எந்த ஊரில் ஆடினாலும் அவன் கால்சட்டைக்கு அவள்தான் இடுப்பு வைக்க வேண்டும். வேறு ஆள் தைத்தால் குதிக்கும்போது பிடிக்கிறதாம். "உன்னப் பாக்க வர ஒரு சாக்கு" என்று கடை முதலாளியம்மா சொன்னாள். சாக்குத்தான். நாலாவது கால்சட்டையில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

முதல் கோப்பை ஜெயித்த வருடம் இந்த வீட்டைக் கட்டினான். சின்ன வயதிலிருந்து அடுத்தவர் வீட்டு நிலைப்படிகளில் இடிபட்டவன், ஆசை தீர உயரமாகக் கட்டினான். ஏழரை அடிக் கதவுகள். சிங்க், அடுப்பு மேடை, கண்ணாடி, கொக்கி, அலமாரி எல்லாம் அவன் அளவு. மேஸ்திரி அவனைச் செருப்பில்லாமல் நிலைப்படியோரம் நிறுத்தி, தலைக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டு, "ஆறடி ஒம்பது" என்று எழுதினார். அந்தக் கோட்டிலிருந்துதான் வீட்டுக்கே கணக்கு.

அவள் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. சிங்க் அவள் மார்புக்கு வந்தது. கண்ணாடியில் வகிடு மட்டும்தான் தெரியும், எம்பி எம்பித் தலை சீவினாள். கீழே ஒரு பலகை, அலமாரிக்கு ஓர் உயரமான மர ஸ்டூல் என்று வாழப் பழகினாள். அவனோ வருடத்தில் எட்டு மாதம் வெளியூர் ஆட்டம், மற்றதில் பாதி பயிற்சி முகாம். வந்தாலும் நாலு நாள். அந்த நாலு நாளும் கட்டிலில் படுத்து, இரண்டு முட்டியிலும் ஐஸ் பையை வைத்துக்கொண்டு, அவள் கொண்டுவந்து கொடுக்கும் சூப்பைக் குடிப்பான். யாருடைய உயரத்துக்கோ கட்டிய வீட்டில் அவள்தான் இருந்தாள்.

அதனால் ஒவ்வொன்றாக இறக்கினாள். மகள் பிறந்த வருடம் கண்ணாடி. அப்புறம் கொக்கிகள், விளக்குகள். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில் சிங்க், அடுப்பு மேடை, அலமாரி எல்லாம். கூடத்தில் மாட்டியிருந்த பெரிய புகைப்படத்தை மட்டும் விட்டுவிட்டாள். அந்த வருட இறுதி ஆட்டத்தின் கடைசி வினாடியில் அவன் காற்றில் நிற்கிற படம். பந்து விரல் நுனியில் இருக்கிறது. ஊரில் பாதிக் கடைகளில் இந்தப் படம் உண்டு. தூசி தட்ட அவளுக்கு எட்டாது. எட்ட வைக்க அவள் முயன்றதும் இல்லை.

அவனுக்கு இதெல்லாம் வீட்டோடு வந்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்தது என்பதைவிட, இடித்தது.

வந்த முதல் வாரமே, "இனிமே பாத்திரம் என் டிபார்ட்மென்ட்" என்று அறிவித்தான். காய்கறி வாங்குவதும் அவன் வேலைதான் என்றான். வெங்காயம் வாங்கப் போய் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தான்.

"வெங்காயம்?"

"எல்லாரும் போட்டோ எடுத்தாங்க. மறந்துட்டேன்."

"சரி, அந்த போட்டோவ நறுக்கிப் போடறேன்."

பாத்திரமும் அப்படித்தான். கழுவி வைத்த டம்ளரில் சோப்பு வாடை அடிக்கும். அவன் அந்தப் பக்கம் போனதும் அவள் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் மறுபடி கழுவி வைப்பாள். வந்த விருந்தாளியிடம் போய்க் குறை சொல்ல முடியுமா?

இப்போது தண்ணீர் சத்தம் நின்று வெகுநேரமாகியிருந்தது. அவன் தையல் அறை வாசலில் வந்து நின்றான். ஈரக்கையைப் பனியனில் துடைத்துக்கொண்டான்.

"பொடிசு, இப்ப என் இடுப்பு எவ்வளவு இருக்கும்?"

அவள் ஊசியை நிறுத்தினாள். இருபது வருடத் தொழிலில் அவளுக்கு ஒன்று தெரியும். யாராவது துணி தைக்கப் போகாமல் யாரும் இடுப்பளவு கேட்பதில்லை.

"யாரு தைக்கறாங்க உங்களுக்கு?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கறவங்க கண்ணாடிகிட்ட கேப்பாங்க. என்கிட்ட கேட்டா தையல்தான். சொல்லுங்க."

அவன் முதுகுப் பக்கம் இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து நீட்டினான். சீருடை அளவுப் படிவம். வடக்கே ஒரு புதுக் கிளப். உயரம் என்ற இடத்தில் ஆறடி ஒன்பது என்று அழகாக எழுதியிருந்தான். இடுப்பு, மார்பு, தோள் எல்லாம் காலியாக இருந்தன.

"ஒரே ஒரு சீசன்" என்றான். "இன்னிக்கு மதியம் போன் பண்ணுவாங்க. சரின்னு சொன்னா, திங்கக்கெழமை கெளம்பணும்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் ஒரு பெரிய அலுப்புத்தான் வந்தது. போகட்டுமே என்று பாதி மனம் சொன்னது. பழைய மாதிரி நானும் பாப்பாவும். தலை என்று யாரும் கத்த வேண்டாம். அந்தப் பாதி மனத்தைக் கண்டு அவளுக்கே பயமாக இருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அவரு சொன்னாரு."

"இன்னொரு சீசன் ஆடினா முட்டிய மாத்தணும்னாரு. அப்புறம் கம்பு ஊனித்தான் நடக்கணும்னாரு. நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன்?"

"எல்லா டாக்டரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"நாலு தட்டு கழுவ முடியல. ஆடப் போறாராம்!"

"அந்த சிங்க்ல யாராலயும் முடியாது!" அவன் குரல் உயர்ந்தது. "அது குழந்தைங்க விளையாடற சொப்பு மாதிரி இருக்கு. கண்ணாடியில எனக்கு என் வயிறுதான் தெரியுது. அலமாரி கண்ணக் குத்துது. என் வீட்டுல நான் நிமிந்து நிக்க ஒரு இடம் இல்ல. எல்லாத்தையும் இறக்கிட்ட. ஒரு வார்த்தை கேட்டியா?"

"மாசத்துல நாலு நாள் வந்து படுத்துக்கறவருக்காக மீதி நாளெல்லாம் நான் ஸ்டூல் மேல ஏறி நிக்கணுமா?"

"கேட்டிருக்கலாம்ல."

"எப்ப கேக்கறது? ஐஸ் வெச்சுக்கிட்டு இருக்கறப்பவா?"

மகள் அறைக் கதவு திறந்தது. ஒரு தலை எட்டிப் பார்த்தது. மறுபடி மூடிக்கொண்டது.

அவள் கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள். "வாங்க. அளக்கறேன். போறதுன்னா சரியான அளவோட போங்க. அங்க போய் குதிக்கறப்ப பிடிக்குதுன்னு எனக்கு போன் பண்ணக் கூடாது."

இடுப்பை அளந்தாள். மார்பு. தோள். ஒவ்வொன்றையும் படிவத்தில் அவளே எழுதினாள். பிறகு, "செருப்பக் கழட்டிட்டு நிலைப்படிக்கு வாங்க" என்றாள்.

"உயரந்தான் எழுதிட்டேனே."

"வாங்க."

வந்து நின்றான். சுவரோடு ஒட்டி, மோவாயை இறக்கி, பதினெட்டு வருடத்துக்கு முன்னால் மேஸ்திரி நிறுத்திய அதே இடத்தில். அவள் நாற்காலி போட்டு ஏறி, அளவுகோலை அவன் தலைமேல் படுக்கையாக வைத்தாள். பழைய பென்சில் கோடு கோலுக்கு மேலே, தனியாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே டேப்பை வைத்து அளந்தாள்.

"நிமிந்து நில்லுங்க."

"நிமிந்துதான் நிக்கறேன்."

அவள் நாற்காலியிலிருந்து இறங்கிக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்துதான் நின்றான். முட்டிகள் மட்டும் நீளவில்லை. இரண்டு காலும் உட்காரப் போகிறவன் கால் மாதிரி கொஞ்சம் மடங்கியே இருந்தன. அவள் கையால் முட்டியைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். அவன் பல்லைக் கடித்தான். அவள் கையை எடுத்துவிட்டாள்.

"ஆறடி ஏழரை" என்றாள்.

"டேப்ப சரியாப் பிடி."

"என் டேப்ப நீங்க சந்தேகப்படறீங்களா?"

அவன் திரும்பி, கோட்டைப் பார்த்தான். அதைக் கட்டைவிரலால் தொட்டான். அந்த நேரம் பார்த்து வாசலில், "தங்கச்சி, குழாய் ஒழுகுதுன்னியே!" என்று குரல் கேட்டது.

மேஸ்திரிதான். இரண்டு தெரு தள்ளி இருப்பவர். மழைக்கோட்டை உதறிவிட்டு வந்தவர், அவனைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாகிவிட்டார்.

"சார்! வீட்டோட இருக்கீங்கன்னு சொன்னாங்க. நம்பவே இல்ல. கெடச்சது சான்ஸு, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"முதல்ல குழாய் அண்ணே" என்றாள் அவள்.

சிங்க்குக்கு அடியில் தலையை விட்டுப் படுத்தபடியே மேஸ்திரி பேசினார். வேலை பார்க்கும்போது பேசாவிட்டால் அவருக்குக் கை ஓடாது. அவன் பக்கத்தில் டார்ச் பிடித்தான். அவள் அடுப்பில் உருளைக்கிழங்கு சூப்புக்குத் தண்ணீர் வைத்தாள்.

"மேஸ்திரி, இந்த சிங்க்க பழைய உயரத்துக்கே ஏத்த முடியுமா?" என்றான் அவன்.

அவள் திரும்பவில்லை. கத்தியால் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"ஏத்தலாம் சார். ஆனா தங்கச்சி மறுபடி ஸ்டூல் ஏறணுமே. ஒரு தடவ விழுந்தது போதாதா?"

"எப்ப விழுந்தா?"

"என்ன சார், தெரியாத மாதிரி கேக்கறீங்க. நீங்க அந்தக் கடைசி பந்து போட்டீங்களே, பைனல்ல, அன்னிக்குத்தான். டிவியில நீங்க மேல நிக்கறீங்க, நாங்க எல்லாம் கத்தறோம். உங்க பாப்பா ஓடி வருது, சின்னப்புள்ள, மாவு டப்பா எடுக்க ஏறின அம்மா விழுந்துட்டாங்கன்னு. நான் வந்து பாக்கறேன், மாவெல்லாம் கொட்டி, தங்கச்சி அதுக்கு நடுவுல கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கயும் டிவியில உங்களத்தான் தூக்கிக்கிட்டுச் சுத்தறாங்க. இது கையில கட்டுப் போட்டுக்கிட்டு அதப் பாத்து சிரிக்குது. மறுநாளே நான் சொல்லிட்டேன், மொதல்ல எல்லாத்தையும் இறக்குன்னு. ஸ்டூலுக்கும் கால் ஒடஞ்சிருந்துச்சு, நான்தான் ஆணி அடிச்சுக் குடுத்தேன். சார், லைட்ட ஆட்டாதீங்க."

டார்ச் வெளிச்சம் சுவருக்குப் போயிருந்தது. அவன் அதைத் திருப்பிப் பிடித்தான்.

மேஸ்திரி போட்டோ எடுத்துக்கொண்டு, சிங்க் விஷயம் சொல்லி அனுப்புங்கள் என்று கிளம்பிப் போனார். படத்தில் அவன் சிரிக்கவே இல்லை, அதை மேஸ்திரி கவனிக்கவும் இல்லை.

சூப் கொதித்தது. மழை சன்னல் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்தது.

"வாசல்ல மழைத் தண்ணியில வழுக்கிருச்சுன்னு சொன்ன" என்றான் அவன்.

"ஆமா. சொன்னேன்."

"ஏன்?"

"நீங்க போன்ல பேசவே விடல. பின்னாடி ஒரே மேளமும் கூச்சலும். 'பாத்தியா பொடிசு, பாத்தியா'ன்னு கேட்டீங்க. பாத்தேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்கு மேல ஊர் ஊரா ஊர்வலம். வந்தப்ப கட்டு அவுத்தாச்சு."

"சொல்லியிருந்தா வந்திருப்பேன்."

"வந்து? பந்தத் திருப்பிக் குடுத்திருப்பீங்களா?" உப்பைப் போட்டாள். "எனக்கும் அது சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அத ஏன் கெடுக்கணும்? எனக்கு முடியலன்னு சொல்ல ஒரு நாள் பாத்துக்கிட்டே இருந்தேன். நாள் அமையல. சிங்க்க இறக்கிட்டேன்."

அவன் அவள் வலது கையைப் பார்த்தான். அவள் அதைப் புடவைத் தலைப்பால் சுற்றிக்கொண்டிருந்தாள், ஈர நாளில் எப்போதும் செய்வது போல. மூன்று மாதமாகத் தினமும் அவன் கண்ணெதிரில்தான் அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா?"

"மழை வந்தா."

"எனக்கும் மழை வந்தா" என்று முட்டியைக் காட்டினான்.

"தெரியும். நல்ல ஜோடி. வானிலை அறிக்கை வாசிக்கப் போகலாம்."

அவன் சிரிக்கவில்லை. அவளைத் தாண்டி, தொங்கும் விளக்குக்குக் கவனமாகக் குனிந்து, தையல் அறைக்குள் போனான். நூல் டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவை அடுக்கியிருந்த அந்தப் பழைய ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு காலில் மேஸ்திரி அடித்த ஒட்டுக்கட்டை துருத்திக்கொண்டிருந்தது. அதைத் தடவிப் பார்த்தான். சிங்க்கின் முன்னால் போட்டான். உட்கார்ந்தான்.

முழங்கைகள் சரியாக சிங்க்கின் விளிம்புக்கு வந்தன. குழாயைத் திறந்து மீதி டம்ளர்களைக் கழுவத் தொடங்கினான்.

அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி சூப்பைக் கிண்டினாள்.

அப்போதுதான் போன் அடித்தது. அவன் ஈரக்கையோடு ஸ்பீக்கரில் போட்டு மேடையில் வைத்தான். மகள் அறைக்கதவு மறுபடி ஒரு விரற்கடை திறந்தது.

"தலைவா! ஃபாரம் ரெடியா?" வடக்குக் கிளப் மேனேஜரின் குரல் உற்சாகமாகக் கொப்பளித்தது. "போஸ்டர் அடிக்க ஆளு காத்துக்கிட்டு இருக்கான். ஏணி வருதுன்னு போட்டாப் போதும், டிக்கெட் பறந்துரும்."

"ஒரு திருத்தம்" என்றான் அவன். "உயரம் ஆறடி ஏழரை."

அந்தப் பக்கம் சிரிப்பு. "அட, யாரு சார் அளந்து பாக்கப் போறா? ஒம்பதுன்னே போட்டுக்குவோம்."

"முட்டியும் நீளல. முழு மேட்ச் ஓட முடியாது."

"உங்கள யாரு ஓடச் சொன்னா? பசங்க ஓடுவாங்க. நீங்க சட்டையப் போட்டுக்கிட்டு பெஞ்ச்ல உக்காந்தாப் போதும். கேமரா காட்டினா கையாட்டுங்க. அவ்வளவுதான் வேலை."

அவள் கரண்டியை நிறுத்தினாள். அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து, அவன் கைகளைப் பார்த்தாள். பந்தை ஒற்றைக் கையில் கவ்விப் பிடிக்கிற பெரிய கைகள். ஒரு சின்ன டம்ளரைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு அடியில் அசையாமல் இருந்தன.

போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை அவள். இருபது வருடமாக அவன் கிளம்பும்போது எதையும் சொன்னதில்லை. இப்போது சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"மேனேஜர் சார்" என்றான் அவன் அதற்குள். குரலில் கோபம் இல்லை. ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி முடிந்து, தோற்ற அணியும் ஜெயித்த அணியும் கை குலுக்கும்போது பேசுகிற குரல் அது. "உக்கார்றதுக்கு எங்க வீட்டுலயே ஸ்டூல் இருக்கு."

"என்ன சார்? புரியல."

"போஸ்டர் அடிக்க வேணாம்னு சொன்னேன்."

போனை அணைத்துத் தள்ளி வைத்தான். தோள்கள் இரண்டும் இறங்கின. அத்தனை வருடக் கூச்சலும் மெல்ல அவனை விட்டு வடிவது போல இருந்தது. அவளுக்கு அவன் தலையைத் தொட வேண்டும் போலிருந்தது. நிற்கிறவனின் தலை அவளுக்கு எட்டியதே இல்லை. இப்போது அவன் உட்கார்ந்திருந்தான். காலையில் அலமாரியில் இடித்த இடம் புடைத்திருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"ரொம்ப அசதியா இருக்கு பொடிசு" என்றான்.

"எனக்கும்தான்."

"சிங்க்க ஏத்த வேணாம்னு மேஸ்திரிகிட்ட சொல்லிரு."

"அலமாரிய மட்டும் நாலு விரல் ஏத்தச் சொல்றேன். எட்டிருவேன்."

மகள் வெளியே வந்து, ஒன்றுமே கேட்காதவள் மாதிரி அடுப்பருகில் போனாள். "சூப் ஆச்சா? பசிக்குது" என்றாள். போகிற போக்கில் அப்பாவின் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். அவன் கழுவி வைத்த டம்ளர்களில் ஒன்றை எடுத்துத் தண்ணீர் பிடித்து, ஒரு வாய் குடித்து முகம் சுளித்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

அவள் அந்த டம்ளரை வாங்கி முகர்ந்தாள். வழக்கம்போல ஓரமாக வைக்கப் போனாள், அவன் எழுந்து போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பிறகு என்ன நினைத்தாளோ, அதை அவன் முன்னால் சிங்க்கில் வைத்தாள்.

"சோப்பு போகல. திரும்பக் கழுவுங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "இத்தன நாளா?"

"இத்தன நாளா நான்தான் திரும்பக் கழுவினேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவன் டம்ளரை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தான். அப்புறம் குழாயைத் திறந்து, ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.